டிரைவர் இல்லாமல் மாடி ஏறும் கார்!

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் இருக்கிறது. பக்கத்தில் தொழிற்பேட்டை. சரக்கு லாரிகள் வருவதும் போவதுமாக இருக்கும்.

லாரியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். கிளீனர் கீழே இறங்கி நிற்பார். லாரியின் பக்கப் பலகையைக் கையால் தட்டுவார். "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..." என்பார். திடீரென்று "ஹோல்டான்!" என்று கத்துவார். வண்டி நின்றுவிடும். சுவருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கும்.

வண்டியை ஓட்டுவது ஒரு வேலை. நிறுத்துவது இன்னொரு வேலை. கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால், இரண்டாவது வேலைதான் தலைவலி என்பார்கள்.

இந்தத் தலைவலியை எந்திரத்திடம் கொடுத்துவிட்டால் என்ன? காரை வாசலில் விட்டுவிட்டு நாம் போய்விட வேண்டும். கார் தானாக மாடி ஏற வேண்டும். தனக்கு ஒதுக்கிய இடத்தில் போய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் இறங்கி வர வேண்டும்.

இதையே தன் தொழிலாக எடுத்துக்கொண்ட எஞ்சினீயர்களில் முக்கியமானவர் கெர்ஹார்டு ஹாக். இவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போனவர். 1994-ஆம் ஆண்டில் "ரோபோட்டிக் பார்க்கிங்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய எந்திரம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கோர்ட்டுப் படியும் ஏற வைத்தது. நடுவில் நூற்றுக்கணக்கான கார்கள் சிறைப்பட்டுக் கிடந்தன!

பாரிஸில் தொடங்கிய கதை

கார்களை அடுக்கி வைக்கும் ஆசை ஹாக் காலத்தில் பிறந்தது அல்ல. கார் பிறந்த கொஞ்ச காலத்திலேயே அந்த ஆசையும் பிறந்துவிட்டது.

1907-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், பொந்தியே தெருவில், ஒரு மாடிக் கட்டடம் எழுந்தது. கட்டியவர் ஓகுஸ்த் பெரே என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். அந்தக் கட்டடத்தில் கார்களை லிப்டில் ஏற்றினார்கள். மேல் மாடியில் நகரும் மேடை ஒன்று இருந்தது. அது காரைச் சுமந்துகொண்டு போய், அதற்குரிய இடத்தில் சேர்த்தது. 1970-இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெரே ரொம்ப தூரத்து மனிதர் அல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் "கோல்கொண்டா" விடுதியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதைத் திட்டமிட்ட அன்டோனின் ரேமண்ட், பெரேயின் கான்கிரீட் வேலையை மெச்சி அதைப் பின்பற்றியவர்.

அமெரிக்காவில் வேறு விதமாக யோசித்தார்கள். நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறது அல்லவா? தொட்டிலில் ஆளுக்குப் பதில் காரை வைத்தால்? 1932-இல் சிகாகோ நகரில் மன்ரோ தெருவில் அதையே செய்தார்கள். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி செய்த ராட்டினம் அது. கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே போகும். மறுபக்கம் கீழே வரும். 48 கார்கள் அதில் நின்றன. தரையில் அது அடைத்த இடமோ ஒரு சின்ன வீட்டு மனை அளவுகூட இல்லை!

ராட்டினம் நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு சங்கடம். ஒரு காரை இறக்க வேண்டுமானால் எல்லாக் கார்களும் சுற்ற வேண்டும். ஒரே ஒரு காரை மட்டும் எடுத்து வருவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதற்கு நல்ல ஞாபக சக்தி உள்ள மூளையும் வேண்டும். அந்த மூளை, கம்ப்யூட்டர் வந்த பிறகு கிடைத்தது.

பாதி இடம் மிச்சம்

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? காரின் நீள அகலம்தானே என்று தோன்றும். அது தப்புக் கணக்கு. கார் உள்ளே வரப் பாதை வேண்டும். திரும்ப இடம் வேண்டும். கதவைத் திறந்து ஆள் இறங்க இடம் வேண்டும். மாடி என்றால் ஏறி இறங்கச் சரிவுப் பாதை வேண்டும்.

டெல்லி நகரத்தின் 2021-க்கான பெருந்திட்டத்தில் இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர். நிலவறையில் 32 சதுர மீட்டர். சரிவுப் பாதை உள்ள மாடியில் 30 சதுர மீட்டர். லிப்டு வைத்த தானியங்கி மாடியிலோ 16 சதுர மீட்டர்தான்!

கிட்டத்தட்ட பாதி இடம் மிச்சம். காரணம் என்ன? உள்ளே மனிதன் போவதில்லை. அதனால் கதவு திறக்க இடம் வேண்டாம். ஆள் நிமிர்ந்து நடக்க உயரமான கூரை வேண்டாம். காரின் எஞ்சின் ஓடுவதில்லை. அதனால் புகை இல்லை. புகையை வெளியேற்றப் பெரிய விசிறிகளும் வேண்டாம். நடைபாதைக்கு விளக்கும் வேண்டாம். இருட்டில் கார்கள் சும்மா நிற்கும்.

இன்னொரு லாபத்தைப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இரவு நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நிலவறையில் தனியாகப் போய்க் காரைத் தேட வேண்டியதில்லை. வெளிச்சமான வாசலில் நின்றால் போதும். கார் வரும்.

எப்படி வேலை செய்கிறது?

வாசலில் சின்ன அறை ஒன்று இருக்கும். ஒரே ஒரு கார் நிற்கும் அளவுதான். அதன் தரையில் பெரிய இரும்புத் தட்டு கிடக்கும். அந்தத் தட்டின்மேல் காரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சரியாக வந்துவிட்டோமா என்று முன்னால் உள்ள பலகையில் எழுத்து காட்டும்.

டிரைவர் எஞ்சினை நிறுத்துவார். கைப் பிரேக்கைப் போடுவார். எல்லோரும் இறங்கி வெளியே வந்து சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கதவு மூடிக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அறையில் "சென்சார்" என்ற மின்சாரக் கண்கள் இருக்கின்றன. காரின் நீளம், உயரம் எல்லாம் அளவுக்குள் இருக்கிறதா என்று அவை பார்க்கும். அறைக்குள் யாராவது நடமாடுகிறார்களா என்றும் பார்க்கும். எல்லாம் சரி என்றால் தட்டு நகரத் தொடங்கும்.

ஓட்டலில் சர்வர் தட்டோடு இட்லியைக் கொண்டுபோவது போல, எந்திரம் தட்டோடு காரைக் கொண்டுபோகிறது. காரைத் தொடுவதே இல்லை. முதலில் லிப்டு தூக்கும். மாடியில் தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டி ஒன்று காத்திருக்கும். அது தட்டை வாங்கிக்கொண்டு ஓடும். இரண்டு பக்கமும் அலமாரித் தட்டுகள் போல இடங்கள் இருக்கும். காலியாக உள்ள இடத்தில் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பும்.

எந்தக் கார் எந்த மாடியில், எத்தனையாவது இடத்தில் என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். சீட்டைக் காட்டினால் அதே தட்டு இறங்கி வரும். காரின் முகம் தெருவைப் பார்த்தபடி இருக்கும். பின்பக்கமாக எடுக்கும் வேலையே இல்லை.

கோயில் தேரை நாலு வீதி சுற்றி நிலைக்குக் கொண்டுவர ஊரே வடம் பிடிக்க வேண்டும். சன்னக்கட்டை போடத் தனி ஆள் வேண்டும். இங்கே காரை நிலைக்குக் கொண்டுவர ஒரு மோட்டாரும், கொஞ்சம் சங்கிலியும், ஒரு கம்ப்யூட்டரும் போதும்.

ஒரு சதுர மைல் ஊர்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்று ஓர் ஊர். ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றின் அந்தப் பக்கம் நியூயார்க் நகரம். "ஒரு சதுர மைல் ஊர்" என்று ஹோபோக்கனுக்குப் பட்டப்பெயர். நெருக்கமான பழைய வீடுகள். நேர் நேரான தெருக்கள். புல்வாருக்கு உள்ளே இருக்கும் பழைய புதுச்சேரியை நினைத்துக்கொள்ளலாம். வீடு கட்டிய காலத்தில் கார் கிடையாது. அதனால் கார் நிறுத்த இடமும் கிடையாது.

இந்த ஊர் நகரசபைதான் ஹாக்கின் எந்திரத்தை வாங்கத் துணிந்தது. கார்டன் தெருவில் ஏழு மாடிக் கட்டடம் எழுந்தது. வெளியே பார்த்தால் குடியிருக்கும் வீடு மாதிரி செங்கல் சுவரும் ஜன்னலும் தெரியும். உள்ளே 300-க்கும் மேற்பட்ட கார்களுக்கு இடம். 2002 அக்டோபரில் திறந்தார்கள். மனிதக் கை படாமல் கார் நிறுத்தும் நகரசபைக் கட்டடம் அமெரிக்காவில் அதுதான் முதல். உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் எந்திரம் எப்போதும் சொன்னபடி கேட்கவில்லை. 2004-ஆம் ஆண்டில் ஒரு காடிலாக் கார் ஆறு மாடி உயரத்திலிருந்து கீழே விழுந்தது! நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அடுத்த ஆண்டில் ஒரு ஜீப் நாலு மாடி கீழே விழுந்தது. தங்கள் கார் எந்த மாடியில் இருக்கிறதோ என்று ஊர் ஜனங்கள் கவலைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

சிறைப்பட்ட கார்கள்

பெரிய சண்டை 2006-ஆம் ஆண்டு கோடையில் வந்தது.

கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். எந்திரத்தை ஓட்டியது ஹாக்கின் கம்பெனி. இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தம் முடியும் நேரத்தில் தகராறு முற்றியது. ஒரு நாள் நகரசபை போலீசாரை அனுப்பியது. கம்பெனி ஆட்கள் போலீசார் முன்னிலையில் வெளியேற்றப்பட்டார்கள்.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. எந்திரத்தை இயக்கும் முறை எழுதிய புத்தகங்களும் அவர்களோடு போயின. அதைவிட முக்கியமான இன்னொன்றும் போயிற்று. அது மென்பொருள் மீதான உரிமை.

மென்பொருள் என்றால் என்ன? இரும்பும் மோட்டாரும் எந்திரத்துக்குக் கை கால். மென்பொருள்தான் மூளை. "மூன்றாவது மாடிக்குப் போ, பன்னிரண்டாவது இடத்தில் இருக்கும் காரை எடு" என்று சொல்வது அதுதான். அதைக் கையால் தொட முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் எந்திரம் வெறும் இரும்புக் குவியல்.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்பு, அண்டா, அரிசி, பருப்பு எல்லாம் பெண் வீட்டாருடையது. கைப்பக்குவம் சமையற்காரருடையது. பந்தி போடும் நேரத்தில் சமையற்காரரோடு சண்டை போட்டு வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? ஹோபோக்கனில் அதுதான் ஆயிற்று.

நூற்றுக்கணக்கான கார்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. பல நாள் வெளியே வரவில்லை. மாதா மாதம் வாடகை கட்டியவர்கள் வாசலில் நின்றார்கள். வேலைக்குப் போக வேண்டும். கார் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. எடுக்க வழி இல்லை!

இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போயின. "எங்கள் மென்பொருளை அனுமதி இல்லாமல் பயன்படுத்துகிறார்கள்" என்பது கம்பெனியின் புகார். "மென்பொருளுக்குள்ளேயே பொறி வைத்துவிட்டார்கள்" என்பது நகரசபையின் புகார். போட்டிக் கம்பெனி ஒன்றை உள்ளே விட்டதாகவும் சண்டை. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. மென்பொருளுக்காக மாதம் 5,500 டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்குக் கொடுக்க நகரசபை ஒப்புக்கொண்டது. பின்னர் அந்தக் கட்டடத்தை இயக்கும் பொறுப்பு யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேல் நாட்டுக் கம்பெனிக்குப் போயிற்று.

யார் பக்கம் நியாயம் என்று அந்த ஊரில் பல நாள் பேசினார்கள். ஒன்று மட்டும் தெளிவு. சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை, கட்டடம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதால் தவித்தவர்கள் நகரசபை உறுப்பினர்களும் அல்ல. கம்பெனி முதலாளியும் அல்ல. வாடகை கட்டிய சாதாரண ஜனங்கள்.

பாலைவனத்தில் சாதனை

இத்தனை கெட்ட பெயருக்குப் பிறகு வேறு ஒருவராக இருந்தால் தொழிலையே விட்டிருப்பார். ஹாக் விடவில்லை. அமெரிக்காவில் ஆர்டர் கிடைப்பது கஷ்டமாக இருந்தபோது, அரபு நாடுகள் கூப்பிட்டன.

2009-ஆம் ஆண்டில் துபாயில் இபின் பட்டூட்டா கேட் கட்டடத்தில் அவருடைய கம்பெனியின் எந்திரம் வேலை தொடங்கியது. 765 கார்களுக்கு இடம். துபாயின் எமிரேட்ஸ் பைனான்சியல் டவர்ஸ் கட்டடத்தில் 1,191 கார்கள். பிறகு குவைத்தில் அல் ஜஹ்ரா கோர்ட்டு வளாகத்தில் 2,314 கார்கள்! உலகத்திலேயே பெரிய தானியங்கிக் கார் நிறுத்தம் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது.

ஹோபோக்கனில் 300 கார்களோடு தொடங்கிய பெயர், குவைத்தில் 2,000-ஐத் தாண்டியது. வழக்கால் கோர்ட்டுப் படி ஏறிய கம்பெனி, கடைசியில் ஒரு கோர்ட்டு வளாகத்துக்கே கார் நிறுத்தம் கட்டிக் கொடுத்தது!

பெரிய கட்டடங்களில் ஒரு பாடத்தைக் கவனித்துச் செய்கிறார்கள். ஒரே லிப்டை நம்பி இருப்பதில்லை. பல லிப்டுகள், பல வாசல்கள். ஒன்று கெட்டால் மற்றவை ஓடும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர். இருந்தாலும் ஒரு குறை உண்டு. ஆபீஸ் விடும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் "என் காரைக் கொடு" என்றால் எந்திரமும் வரிசையாகத்தான் கொடுக்கும். அவசரக்காரர்களுக்கு அப்போது கோபம் வரும்.

நம் நாட்டில்

இந்தியாவில் கொல்கத்தா முந்திக்கொண்டது. அங்கே ராடன் தெருவில் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே எந்திரக் கார் நிறுத்தம் வந்துவிட்டது. டெல்லி கிரீன் பார்க் பகுதியில் 2020-இல் 136 கார்களைத் தூக்கி வைக்கும் கோபுரம் திறக்கப்பட்டது.

சென்னையில் தியாகராய நகரில், பாண்டி பஜார் பக்கத்தில், சீர்மிகு நகரத் திட்டத்தில் ஒரு பல மாடி வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். (பாண்டி பஜார் என்றதும் புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்பட வேண்டாம். அது சவுந்தரபாண்டியனார் பெயரால் வந்த அங்காடி.) தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் முன்பு தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். இப்போது மாடி இருக்கிறது. அதில் 222 கார்களுக்கு இடம். இருசக்கர வண்டிகளுக்கோ 513 இடம்!

இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். துபாய்க்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. ஹாக்கின் எந்திரம் காருக்காகப் பிறந்தது. நம் ஊர்த் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பதோ பெரும்பாலும் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்.

புதுச்சேரிக்கு இது பொருந்துமா? கடற்கரைச் சாலையில் மாலை ஆனால் வண்டிகள் விடுவதில்லை. ஜனங்கள் காலாற நடக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போக வேண்டிய வண்டிகள் எல்லாம் பக்கத்துத் தெருக்களில் வந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி வீதியில் சந்தை. நேரு வீதியில் நகர இடம் இருக்காது.

இதற்காகப் பழைய பிரெஞ்சு வீடுகளின் நடுவே பதினைந்து மாடி உயரத்துக்கு இரும்புக் கோபுரம் நிறுத்தினால் ஊரின் அழகு போய்விடும். கடல் பக்கத்தில் ஆழமாகத் தோண்டவும் தண்ணீர் விடாது. கட்டுவதானால் புல்வாருக்கு வெளியேதான் கட்ட வேண்டும். அங்கிருந்து ஜனங்களை ஊருக்குள் கொண்டுவரச் சின்ன பஸ்களும் விட வேண்டும்.

வேலை போய்விடுமே என்றும் சிலர் கேட்கிறார்கள். சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர்களின் வேலை குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த எந்திரம் ஆள் இல்லாமல் ஓடுவது அல்ல. சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும். மோட்டாரைப் பார்க்க வேண்டும். மின்சாரக் கண்ணில் தூசி படிந்தால் துடைக்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். அதற்கு வண்ணம் பூச வேண்டும். ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன் படித்த பையன்கள் செய்யக்கூடிய வேலைதான் இதில் பெரும்பகுதி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் லேத்து பிடிக்கும் தொழிலாளிக்கு இந்த இரும்பு அந்நியம் அல்ல. மூளை மட்டும் வெளியூரிலிருந்து வருகிறது. அதைப் படித்துக்கொண்டவர்கள் கையில்தான் சாவி இருக்கும்.

காரை விடும் முன்

இத்தகைய எந்திர நிறுத்தத்தில் காரை விடுகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் இறக்கிவிட வேண்டும். பின் சீட்டில் குழந்தை தூங்குகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மின்சாரக் கண் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

மணிபர்ஸ், மருந்து, வாங்கிய சாமான் எல்லாவற்றையும் அப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். கார் மேலே போன பிறகு "பையை மறந்துவிட்டேன்" என்றால் முழுக் காரையும் இறக்கித்தான் பையை எடுக்க முடியும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

எஞ்சினை நிறுத்த வேண்டும். கைப் பிரேக் போட வேண்டும். கதவுகளும் டிக்கியும் சரியாக மூடியிருக்க வேண்டும். கூரைமேல் சாமான் கட்டிய வண்டியையும் அளவுக்கு மீறி உயரமான வண்டியையும் எந்திரம் ஏற்காது. எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்று வாசலில் பலகை இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட வேண்டும்.

சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கார் எந்த மாடியில் இருக்கிறது என்பது சீட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் தெரியும்.